வீட்டுக்கு ஒரு மூட்டை பயறு

ரேஷன் கடையில் ஓர் அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம்பருப்பு கொடுக்கிறார்கள், 30 ரூபாய்க்கு. நல்ல காரியம்தான். அந்த ஒரு கிலோவை நாலு பேருக்கு, முப்பது நாளைக்கு என்று வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம் வரும். அதில் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. அரிசி விலையில்லாமல் வருகிறது, பருப்பு விலை கொடுத்தால்தான் வரும். அதனால்தான் நம் தட்டில் சோறு மலையாகவும், பருப்பு சாம்பாரின் அடியில் மணலாகவும் கிடக்கிறது.

கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி என்றால் புரிந்துகொள்ளலாம். பயறு விளைவிக்கிற உழவர் வீட்டிலும் இதே கதைதான் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எங்கள் டெல்டாப் பக்கம் சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் எடுக்கிறோம். களத்திலேயே எடை போட்டு வியாபாரிக்கு ஏற்றிவிடுகிறோம். பக்கத்து வயல்காரர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "உளுந்து முழுக்க வித்துட்டு, தீபாவளிக்கு வடை சுட கடையில ஒரு கிலோ வாங்குறோம் சார்." கடையில் வாங்கும் அந்த உளுந்து பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம்!

தட்டுக்கு ஒரு பேரேடு

வங்கியில் 36 ஆண்டு கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்று மண்ணுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. என் துணைவியாருக்கு வயது 62, எடை 52 கிலோ. சர்க்கரை நோய் இருக்கிறது. பிறவிச் சைவம், முட்டையும் கிடையாது. பால் ஒத்துக்கொள்ளாது. சோற்றையும் குறைக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. தசை கரைகிறது, புரதம் கூட்டுங்கள் என்று சொல்லி ஒரு மாவு டப்பாவை எழுதிக் கொடுத்தார்கள். அந்த டப்பா விலைக்குப் பத்து கிலோ பச்சைப்பயறு வாங்கலாம். "ஏங்க, நம்ம வயல்லயே பயறு விளையுது. டப்பா எதுக்கு?" என்றார் துணைவியார். அன்றைக்கே கணக்கு நோட்டைத் திறந்தேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிற அளவு, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடவே வேண்டும் என்று எங்கள் மருத்துவர் கிலோவுக்கு ஒரு கிராம், ஆக 52 கிராம் என்று வைத்தார். வரவு என்ன? இட்லி, சோறு எல்லாம் சேர்த்து அரிசி 250 கிராம். அதில் 20 கிராம் புரதம். சாம்பார், ரசத்தில் பருப்பு 25 கிராம். அதில் ஐந்தரை. காய், கீரை, இதர வகையில் ஐந்து. ஆக மொத்தம் 30 சொச்சம். தினமும் 20 கிராமுக்கு மேல் பற்றாக்குறை!

சோறும் பயறும் சேரும்போது

நூறு கிராம் உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு, தட்டைப்பயறு, துவரம்பருப்பு எதை எடுத்தாலும் 20 முதல் 24 கிராம் புரதம் இருக்கும். நிலக்கடலையும் அப்படியே. அரிசியில் 7, 8 கிராம்தான். ஒன்று கவனிக்கணும், இதெல்லாம் காய்ந்த தானியத்தின் கணக்கு. வெந்த சுண்டலில் பாதிக்கு மேல் தண்ணீர். அதனால் எப்போதும் ஊற வைப்பதற்கு முன் அளந்து எடுங்கள்.

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பயறில் அது தாராளம். பயறில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. எள்ளிலும் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அரிசி மூன்று பங்கு, பயறு ஒரு பங்கு என்பது நல்ல பொருத்தம். திருநெல்வேலிப் பக்கம் கறுப்பு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கொங்குப் பக்கம் கொள்ளுப் பருப்பும் சோறும். நம் ஆத்தாமார்கள் லைசினைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஆனால் பொருத்தம் தெரிந்துதான் சமைத்தார்கள்.

எங்கள் வீட்டில் மாற்றியது இவ்வளவுதான். காலையில் பச்சைப்பயறு தோசை அல்லது அடை, ஆளுக்குப் பயறு 50 கிராம் சேருகிற மாதிரி. மதியம் சாம்பாருக்குப் பதில் கெட்டியான தட்டைப்பயறுக் குழம்போ கொள்ளு மசியலோ, 35 கிராம். மாலையில் 25 கிராம் பயறில் சுண்டல். இடையில் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை, துவையலில் எள். அரிசி 150 கிராமாக இறங்கியது. பேரேட்டில் இப்போது வரவு 50 கிராம் பக்கம் நிற்கிறது.

வாயு தொல்லை என்பீர்கள். உண்மைதான். எட்டு மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் நன்றாக வேக வைத்து, சீரகம், பூண்டு, பெருங்காயம் சேர்த்தால் பெருமளவு குறையும். முளை கட்டினால் செரிப்பது இன்னும் எளிது. ஒரே வாரத்தில் அளவைக் கூட்டாமல், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம்.

ஆறு மாதம் ஆகிறது. இப்போது துணைவியார் கை ஊன்றாமலே தரையிலிருந்து எழுகிறார். பயறு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தினமும் காலையில் வரப்பில் நடக்கவும் செய்கிறார்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகமும் பழுதாகியிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் நாங்கள் தொடங்கினோம். சோற்றைக் குறைத்தால் மாத்திரை அளவும் மாற வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேளுங்கள்.

வயலில் செய்ய வேண்டியது

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதையைத் தூவுவது நம் பழைய முறை. மிச்ச ஈரத்திலும் பனியிலும் எழுபது நாளில் காய்த்துவிடும். வேர் முடிச்சுகள் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு முளைத்த பயறு சக்கரத்தில் நசுங்குகிறது என்று பலர் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வரப்பு இருக்கிறது. குறுவை நடவு முடிந்ததும் ஒரு அடிக்கு ஒன்றாக உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றலாம். ஏக்கருக்கு நாலைந்து கிலோ எங்களுக்குக் கிடைக்கிறது. பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகள் அதில் தங்குவது நெல்லுக்கும் லாபம்.

வீட்டில் வைத்தால் வண்டு விழும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் விற்கிறோம். கடித்தால் 'டக்' என்று உடைகிற வரை காய வையுங்கள். ஆறிய பின் வேப்பிலையோ நொச்சியோ போட்டு மூடுங்கள். ஒரு பகுதியை உடைத்துப் பருப்பாக வைத்தால் வண்டுத் தொல்லை குறைவு.

2024இல் வந்த தேசிய உணவு வழிகாட்டுதல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம் என்கிறது. நாலு பேருக்கு ஓராண்டுக்கு 124 கிலோ. ரேஷனில் வருவது 12 கிலோ. மிச்சத்துக்கு 100 கிலோ மூட்டை ஒன்று இருந்தால் கிட்டத்தட்ட சரியாகிவிடும். இந்த முறை களத்தில் வியாபாரி தராசை மாட்டுவதற்கு முன்னால், முதல் மூட்டையைத் தனியாக எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். எடை போடுவதெல்லாம் இரண்டாவது மூட்டையிலிருந்து இருக்கட்டும்.