இரண்டு கோர்ட், ஒரு கல்யாணம்

காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கும் பூக்கடைகளுக்கும் பெயர்போன பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சட்டம் படிக்கும் குருக்களும் இருக்கிறார்கள். கறுப்பு கவுன் மாட்டி ஹைகோர்ட் படியேறுவதற்கான படிப்பல்ல அது. 1778ல் புதுச்சேரியில் தொடங்கி 1934ல் இங்கே வந்த புனித பேதுரு குருமடத்தில் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் போதிக்கப்படுகிறது. மறைமாவட்ட நீதிமன்றங்களில் நீதிபதிகளாக உட்காரத் தேவையான படிப்பு இதுதான்.

அவர்கள் புரட்டும் சட்டநூலில் 1752 விதிகள். 1983ல் போப் இரண்டாம் ஜான் பால் வெளியிட்டது. (சீரோ மலபார் போன்ற கீழை சபைகளுக்குத் தனி நூல்.) சட்டம், நிர்வாகம், நீதி மூன்றும் மறைமாவட்டத்தில் ஆயர் ஒருவர் கையிலேயே. அதிகாரப் பிரிவினை படித்தவர்களுக்குத் தலை சுற்றும். ஆயர் பேரவை அவருக்கு மேலதிகாரி அல்ல. பேரவை பொது ஆணை பிறப்பிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் ரோமின் ஒப்புதலும் வேண்டும். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை ஆயர் பெரும்பாலும் ஒரு குருவிடம் ஒப்படைக்கிறார்.

வருவது பெரும்பாலும் கல்யாண வழக்குகள். விவாகரத்து என்ற பேச்சே இல்லை. சம்மதம் மிரட்டிப் பெறப்பட்டதா, முக்கியமான எதையாவது மறைத்தார்களா, மனநிலை இடம் கொடுத்ததா என்று ஆராய்ந்து, 'ஆரம்பத்திலேயே செல்லாத திருமணம்' என்று அறிவிப்பார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து செல்லாது என்றாலும், செல்லும் என்று வாதாட ஓர் அதிகாரி உண்டு: திருமணப் பிணைப்பின் காவலர். இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற பழைய விதியை 2015ல் போப் பிரான்சிஸ் நீக்கினார். இருவரும் ஒத்துப்போகும் தெளிவான வழக்குகளில் ஆயரே தீர்ப்பளிக்கவும் வழி செய்தார்.

சிக்கல் தீர்ப்புக்குப் பிறகுதான். அந்தக் காகிதம் கோயிலில் மறுமணத்துக்கு வழிவிடும். அரசின் கணக்கில் முதல் கல்யாணம் அப்படியே இருக்கிறது. 1996ல் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதிப்படுத்தியது. 1869ம் ஆண்டு விவாகரத்துச் சட்டம் இருக்கும்போது சபைத் தீர்ப்பு கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது என்றது. சபைத் தீர்ப்பைக் காட்டி வாதாடிய பெண்ணின் மறுமணம் செல்லாமல் போனது.

மங்களூர் வழக்கறிஞர் கிளாரன்ஸ் பயஸ் விடவில்லை. முஸ்லிம்களின் தலாக்கைக் கோர்ட்டுகள் ஏற்கும்போது எங்கள் சபைத் தீர்ப்புக்கு மட்டும் ஏன் மதிப்பில்லை என்று பொதுநல மனுப் போட்டார். 2017 ஜனவரியில் மனு தள்ளுபடி. அதே ஆண்டு ஆகஸ்டில் முத்தலாக்கும் செல்லாது என்று அதே கோர்ட் சொன்னதும், அவர் ஊன்றி நின்ற கோலும் போயிற்று.

சிவில் கோர்ட் வழி முன்போல் முள்பாதை அல்ல. 2001 வரை, கணவனின் கள்ளத்தொடர்பை நிரூபித்தால் மட்டும் கிறிஸ்தவ மனைவிக்கு விடுதலை கிடைக்காது. கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இப்போது, பிரிந்து வாழும் தம்பதி பரஸ்பர சம்மதத்தில் விலகலாம். ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். சபைக் காகிதத்தை மட்டும் நம்பி மறுமணம் செய்தவர் மீது முதல் துணை புகார் கொடுத்தால் அது இருதார மணக் குற்றம். ஏழாண்டு வரை சிறை.