மோட்டாரில் மாட்டும் முன் பலகையில் பார்க்கலாம்

மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துக் கிணற்றடிக்கு ஓடுவதும், கடைமடை நனைந்ததா என்று வரப்பில் நின்று பார்ப்பதும் பம்புசெட் விவசாயிகளுக்குப் பழகிப்போன வேலை. மண் காய்ந்ததும் மோட்டார் தானே ஓடி, நனைந்ததும் தானே நின்றுவிட்டால் நல்லது என்று நினைக்காதவர் இல்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகள் இன்று சில நூறு ரூபாய்ச் சாமான்களைக் கொண்டு இதைச் செய்துகாட்டுகிறார்கள். வீட்டுத் திண்ணையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. வயலுக்குப் போனதும் தகராறு செய்கிறது. திண்ணைக்கும் வயலுக்கும் நடுவே செய்து முடிக்க வேண்டிய சோதனைகள் சில உண்டு. அவற்றுக்கு உதவுவதுதான் பிரேக்அவுட் போர்டு என்னும் சிறு பலகை.

இதுபோன்ற கருவிக்கு மூளை மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லு. இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில் 2005-ல் தொடங்கிய ஆர்டுயினோ வகைப் பலகைகளே இதில் மாணவர்களிடம் அதிகம் புழங்குகின்றன. மூளை கிடைத்தால் போதாது. ஈரம், வெப்பம் முதலியவற்றை அறியும் சென்சார்களை அதனுடன் இணைக்க வேண்டும். தொல்லை அங்கேதான். காற்றின் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் சொல்லும் பி.எம்.இ.280 என்ற சென்சார் 2.5 மில்லிமீட்டர் சதுரம்தான், துவரம்பருப்பைவிடச் சிறியது. அதன் 8 இணைப்புகளும் அடிவயிற்றில் இருக்கின்றன. சாதாரண சாலிடரிங் கோலால் அவற்றைத் தொட முடியாது.

ஆகவே தொழிற்சாலையிலேயே அந்தச் சில்லைக் கட்டைவிரல் நகம் அளவுள்ள பலகையில் ஒட்டி, இணைப்புகளை விளிம்புக்கு இழுத்து, 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிறுத்திக் கொடுக்கிறார்கள். இதுதான் பிரேக்அவுட் போர்டு. இந்த இடைவெளி ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. துளைகள் நிறைந்த பிரெட்போர்டிலும் இதே இடைவெளிதான். எனவே சாலிடரிங் இல்லாமலே செருகலாம், பிடுங்கலாம், மாற்றிச் செருகலாம். தப்பாகப் போட்ட கம்பியை நொடியில் எடுத்துவிடலாம்.

செருகுவதற்கு முன் வோல்ட்டைப் பார்ப்பது அவசியம். ஆர்டுயினோ யூனோ 5 வோல்ட்டில் இயங்குவது. வைஃபை உள்ள இ.எஸ்.பி.8266 சில்லுக்கு 3.3 வோல்ட்தான். 5 வோல்ட் சைகையை நேராகக் கொடுத்தால் அது கெட்டுப்போகக்கூடும். சில பிரேக்அவுட் போர்டுகளில் வோல்ட்டைக் குறைக்கும் உறுப்புகள் இருக்கும், பலவற்றில் இருக்காது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாப் பலகைகளின் கிரவுண்டு முனைகளும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். சென்சார் தாறுமாறாக எண் காட்டினால் முதலில் இந்தக் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டாமல் ஒரு சென்சாரை மாட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்ததை மாட்டினால் தவறு எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை.

எண்ணுக்குப் பின்னே மண்

மண் ஈரம் அறியும் சென்சாரில் இரண்டு வகை உண்டு. இரண்டு உலோகக் கால்களை மண்ணில் குத்தி மின்சாரம் செலுத்துவது ஒரு வகை. விலை குறைவு, ஆனால் மின்னாற்பகுப்பால் கால்கள் அரித்துப்போகும். மின்தேக்குத் திறனை அளக்கும் கபாசிட்டிவ் வகையில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. வயலுக்கு இதுவே ஏற்றது. இதன் வெட்டு விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும். நகப்பூச்சு அல்லது எபாக்ஸி பசை தடவிவிட வேண்டும். மேலே இருக்கும் மின்னணு உறுப்புகள் மண்ணுக்குள் போகக் கூடாது.

இந்தச் சென்சார் நேராக ஈரத்தின் சதவிகிதத்தைச் சொல்லாது. யூனோவில் 0 முதல் 1023 வரை ஏதோ ஓர் எண் வரும். மண் காய்ந்தால் எண் பெரியது, நனைந்தால் சிறியது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு சென்சார்கள்கூட ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. கரிசலில் ஒரு விதம், செம்மண்ணில் வேறு விதம். பக்கத்து ஊர்க்காரர் வைத்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதில் பயனில்லை.

அவரவர் மண்ணுக்கு அவரவரே அளவு கட்டுவது கடினமல்ல. அடியில் துளையிட்ட பழைய பெயிண்ட் டப்பாவில் வயல் மண்ணை நிரப்பிச் சென்சாரைக் குத்தி, நன்றாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு நாள் வடியவிட்டு எடை போட்டு, சென்சார் எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு தினமும் ஒரே நேரத்தில் எடையும் எண்ணும் குறிக்க வேண்டும். எடை குறைவது ஆவியாகிப் போன தண்ணீரின் அளவு. துல்லியம் வேண்டுவோர் மண்ணை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி எடை பார்க்கலாம். 118 கிராம் ஈரமண் 100 கிராமாகக் குறைந்தால் ஈரம் 18 சதவிகிதம். டப்பாவில் கண்டதை வயலிலும் ஒப்பிட வேண்டும். கையில் பிடித்துப் பார்த்து 'இன்றைக்குத் தண்ணீர் விடலாம்' என்று அனுபவசாலி சொல்லும் நாளில் என்ன எண் வருகிறது என்று குறித்தால், அதுவே மோட்டாரைத் தொடங்க வேண்டிய எண்.

நிறுத்துவதற்கு வேறு எண் வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால் மோட்டார் நிமிடத்துக்கொரு முறை ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். காயில் சூடேறிப் போகும்.

முதல் சில வாரங்களுக்கு மோட்டார் பக்கமே போக வேண்டாம். மோட்டாருக்குப் பதில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை, 220 ஓம் மின்தடையுடன் பிரெட்போர்டில் செருகிவிட்டால் போதும். விளக்கு எரிந்த நேரத்தையும், விவசாயி தாமாகத் தண்ணீர் விட்ட நேரத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும்வரை பொறுத்திருப்பதில் நட்டமில்லை.

ரிலே விஷயத்தில் கவனம்

மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு கால் ஏறக்குறைய 20 மில்லியாம்பியர்தான் தாங்கும். 5 வோல்ட் ரிலேக்கு 70 மில்லியாம்பியர் அளவு தேவை. எனவே டிரான்சிஸ்டருடன் கூடிய ரிலே பலகையே வாங்க வேண்டும். அந்த ரிலேயும் மோட்டாரை நேராக இயக்கக் கூடாது. ஸ்டார்ட்டரின் காண்டாக்டர் காயிலைத்தான் இயக்க வேண்டும். அந்த இணைப்பு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது. பிரெட்போர்டில் 230 வோல்ட்டை ஒருபோதும் கொண்டுவரக் கூடாது.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வரும் நேரத்தில் மைக்ரோகண்ட்ரோலரின் கால்கள் ஒரு கணம் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கும். இ.எஸ்.பி.8266-ன் சில கால்கள் அந்த நேரத்தில் தாமாகவே சைகை கொடுக்கும். இதனால் ரிலே ஒட்டிக்கொள்ளலாம். ரிலே சும்மா இருந்தாலும், மண் காய்ந்திருந்தால் புரோகிராம் தானே மோட்டாரைப் போட்டுவிடும். அந்த நேரத்தில் கிணற்றுக்குள் யாராவது இறங்கியிருந்தாலோ, பம்பின் பெல்ட்டில் கை வைத்திருந்தாலோ என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் வந்தபின் சில நிமிடங்கள் காத்திருக்குமாறு புரோகிராம் எழுத வேண்டும். தானியங்கி, கைமுறை என்று மாற்றும் சுவிட்சும் ஸ்டார்ட்டர் அருகிலேயே வேண்டும். கிணற்றில் இறங்குவோர் சுவிட்சை மட்டும் நம்பாமல் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பும் தனியே இருக்க வேண்டும். மண் சென்சாருக்குக் கிணற்றின் கதை தெரியாது.

சோதனை திருப்தியாக முடிந்தபின், துளைப் பலகையில் எல்லாவற்றையும் சாலிடர் செய்து மாற்றிவிட வேண்டும். பிரெட்போர்டின் பிடிப்பு உறுதியானது அல்ல; மோட்டாரின் அதிர்விலும் ஈரத்திலும் தளர்ந்துவிடும். கம்பி நுழையும் ஓட்டைகளை அடைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் எறும்பும் பல்லியும் புகாது. பழைய பிரெட்போர்டையும் ஜம்பர் கம்பிகளையும் பத்திரமாக எடுத்துவைத்தால், அடுத்து உரக்கரைசல் தொட்டியின் மட்டம் பார்க்கும் சோதனைக்கு அவையே உதவும்.