அரைப் பேரும் முழுக் கூலியும்

ஈழத் தமிழர் கிறித்து பிறந்த நாளை 'நத்தார்' என வழங்குவர். அப்பெயர் போர்த்துக்கேயர் வழி வந்தது. பிறப்பு என்பதே அதன் பொருள். அப்பிறப்பின் உட்பொருளைக் கிறித்தவ நூலோர் 'கிருபை' என்னும் ஒரு சொல்லில் அடக்குவர். கிருபை என்பது வடசொல். அருள் என்பது தமிழ். அருளை அன்பு ஈன்ற குழவியாகக் கண்டார் வள்ளுவர். தொடர்புடையார் மாட்டுச் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எவ்வுயிர்க்கும் செல்வது அருள்.

உரோமருக்கு எழுதிய திருமுகத்திலே, பவுல் அடிகள் கூலியையும் கிருபையையும் எதிரெதிர் நிறுத்துகின்றார். உழைத்தவன் பெறும் கூலி, கொடுப்பவன் இறுக்க வேண்டிய கடன். கிருபையோ கடனன்று, கொடை. பெத்தலகேமில் குழந்தை பிறந்த செய்தி, இரவிலே மந்தை காத்த இடையர்க்கு முதலில் எட்டியதாக லூக்கா உரைக்கின்றார். அவர்தம் தகுதியை எவரும் அளந்து பார்த்திலர்.

இதனை வகுப்பிலே விளக்கப் புகுந்த யான், மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமையைக் கூறினேன். விடியலில் வந்தவனுக்கும், பொழுது சாயும் வேளையில் வந்தவனுக்கும் தலைவன் ஒரே வெள்ளிக்காசு அளித்தான் என்றதும், மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்தான்.

"ஐயா, கொழுந்து நிறை குறைந்தால் எங்கள் அம்மாவுக்கு அரைப் பேர்தான் போடுவார்கள். பகலெல்லாம் வெயில் சுமந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே கூலி என்றால் அது நியாயமா?"

யான் விடை தேடுமுன், பின்வரிசை மாணவி ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "கடைசியில் வந்தவன் வீட்டிலும் பிள்ளைகள் பசித்திருக்கும் அல்லவா, ஐயா?"

பல உரைநூல் கற்றும் யான் காணாத நுட்பம் அது. இறுதியில் வந்தோர் சோம்பித் திரிந்தவரல்லர். தம்மை வேலைக்கு அழைப்பார் இல்லை என்றே கூறினர். தலைவன் அவர்தம் உழைப்பை நிறுத்திலன், தேவையை நோக்கினான்.

எனினும் அம்மாணவன் வினாவும் தள்ளத்தக்கதன்று. முதலில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு சிறிதும் குறைக்கப்படவில்லை. நீதியை முற்றச் செலுத்திய பின்னரே அருள் அதற்கு மேலாகப் பெருகுகின்றது. உரிய கூலியைக் குறைத்துவிட்டு, நத்தார் நாளில் புத்தாடை வழங்குவதைக் கிருபை எனல் பொருந்தாது. அது கடனை மறைக்கும் போர்வையேயாம்.

சைவப் பெரியாராகிய ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றார். 1850இல் அது அச்சேறியது. தம் சமயத்தில் வழுவாது நின்றே பிறர் மறைக்குத் தமிழ் தந்தார் அவர். சைவனாகிய யானும் இவ்வுவமையைக் கற்பிக்க அஞ்சுகிலேன். ஆயின் இனிக் கற்பிக்கும்போதெல்லாம், அவ்விருவர் சொல்லையும் சேர்த்தே கூறுவேன்.