பாடக்கதையும் படிக்கிற கதையும்

நாவல் படிக்கும் பிள்ளை கெட்டுப் போகும் என்னும் எச்சரிக்கை தமிழ்நாட்டில் ஏறக்குறைய நூறாண்டுப் பழமை உடையது. ஆரணி குப்புசாமி முதலியாரும், ஜே. ஆர். ரங்கராஜுவும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்த காலத்திலேயே பெரியோர் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டனர். இன்றும் எங்கள் ஏற்காட்டு மலையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் கதைகளை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். ஒன்று ‘பாடக்கதை’, மற்றொன்று ‘படிக்கிற கதை’.

இந்தப் பிரிவினையைச் செய்தவர்கள் பிள்ளைகள் அல்லர் என்பதே என் கருத்து. பாடநூலில் ஒரு நல்ல சிறுகதை வருகிறது. அதை வாசிக்கும் முன்பே அதன் வினாக்கள் வந்துவிடுகின்றன. கதைச் சுருக்கம் எழுது, பாத்திரப் பண்பை விளக்கு என்றவுடன் உரைநூலை நாடுகிறான் மாணவன். கதை எழுதியவருடைய ஒரு வாக்கியத்தையும் காணாமலே முழு மதிப்பெண் பெற்றுவிடுகிறான். மர்ம நாவலோ எந்த வினாவும் கேட்பதில்லை. பாதியில் மூடி வைத்தாலும் கோபிப்பதில்லை. நோட்டுக்குள் மறைத்து வைத்துப் படிக்கும் அந்த இன்பத்தில் கதையின் பங்கு பாதி, சுதந்திரத்தின் பங்கு பாதி.

மலையில் அச்சுப் புத்தகம் அரிய பொருள். காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் வீட்டில் புத்தகத்துக்கெனத் தனியே பணம் ஏது? சேலம் பஸ் நிலையத்தில் யாரோ வாங்கிய ராஜேஷ்குமார் நாவல் ஒன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால், அட்டை கிழியும் வரை பத்துக் கை மாறும். இப்போது கைப்பேசி வந்துவிட்டது. சிக்னல் கிடைக்கும் பாறையில் அமர்ந்து படிப்பவர்களும் உண்டு.

துப்பறியும் கதை எங்கள் பகுதிக்குப் புதிதும் அன்று. சேலத்திலிருந்து மலையேறுவோர் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைக் காணலாம். அந்நிறுவனம் 1950-ஆம் ஆண்டில் ‘திகம்பர சாமியார்’ என்ற படத்தை வெளியிட்டது. வடுவூராரின் நாவலைத் தழுவிய அப்படத்தில் எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் தோன்றினார். பேரனை இன்று கண்டிக்கும் தாத்தா, அன்று அதை எத்தனை முறை பார்த்தாரோ!

கல்கியின் கதையும் நினைக்கத்தக்கது. வாரந்தோறும் அடுத்த இதழுக்கு ஏங்க வைத்து 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் வெளிவந்த தொடர்கதைதான் ‘பொன்னியின் செல்வன்’. இன்று அதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்வோர் பலர்.

ஆகவே கோடு எங்கே இருக்கிறது? சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கோயில் திண்ணையில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சுஜாதாவின் ‘நகரம்’ சிறுகதையை வாசித்துக் காட்டினேன். பாடம் என்று சொல்லவில்லை. கேள்வி கேட்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னேன். கிராமத்துத் தாய் வள்ளியம்மாள், காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியை மதுரையின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். உடனே சேர்க்க வேண்டுமென்கிறார் பெரிய டாக்டர். கையில் சீட்டோடு அவள் அறை அறையாக அலைகிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். நோயின் பெயரும் அவளுக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை வரச் சொல்கிறார்கள். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள்.

திண்ணையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி, “எங்க ஆயாவைக் கீழே கூட்டிக்கிட்டுப் போனப்பவும் இப்படித்தான் ரூம் ரூமா அனுப்பினாங்க அண்ணா” என்றாள். மலையில் ‘கீழே’ என்றால் சேலம். கணேஷ்–வசந்த் கதைகளைத் தேடித் தேடிப் படித்த ஒரு பையன், இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பதை நம்பவே மறுத்தான். அட்டையைக் காட்ட வேண்டியதாயிற்று.

அவனோடு பேசும்போதுதான் எனக்கே ஒன்று தெளிவாயிற்று. துப்பறியும் கதையில் குற்றவாளி யாரென்பது எழுத்தாளருக்குத் தெரியும், வாசகனுக்குத் தெரியாது. ‘நகரம்’ கதையிலோ மூளைக் காய்ச்சல் என்பது முதலிலேயே வாசகனுக்குத் தெரியும்; தாய்க்குத்தான் தெரியாது. படபடப்பு இரண்டிலும் உண்டு. அதை வைத்த இடம் வேறு. மர்மக் கதை கடைசிப் பக்கத்தில் முடிச்சை அவிழ்த்து நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடும். இது அனுப்பவில்லை. “அப்புறம் பாப்பாத்தி பிழைச்சாளா?” என்று அந்தப் பையன் இரண்டு நாள் என்னை விடவில்லை.

எல்லாம் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. மாத நாவல்களில் பெரும்பாலானவை இரண்டாம் முறை வாசிக்கத் தாங்கா. ஆயினும் அவற்றில் நூறு படித்தவனுக்குப் பெயர்களை நினைவில் வைக்கவும், சொல்பவனைச் சந்தேகிக்கவும், சொல்லாமல் விட்டதைத் தேடவும் தெரிந்திருக்கிறது. ‘நகரம்’ கதையில் டாக்டர் பிற்பாடு அந்தத் தாயைத் தேடும் இடத்தின் கனத்தை முதலில் உணர்ந்தவன் அவனே. உரைநூல் மட்டும் படித்த மாணவன், “கருத்து என்ன அண்ணா?” என்று கேட்டான்.

அடுத்த விடுமுறைக்குப் புதுமைப்பித்தனை எடுத்துச் செல்லப் போகிறேன். பனி இறங்கும் ஒரு மாலையில் முதலில் ‘காஞ்சனை’. பேய்க்கதை விரும்பிகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதன்பின் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளைப் பற்றிய ‘துன்பக்கேணி’. தோட்டத்து வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அதை எப்படிக் கேட்பார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறது. அதில் கொலை உண்டா என்று ஒருவன் இப்போதே கேட்டு வைத்திருக்கிறான்.