சாவேஸின் கடன் நோட்டு இனி யார் கையில்?

வெனிசுலாவில் ஏப்ரல் 14, 2013 அன்று அதிபர் தேர்தல் நடக்கவிருந்தது. அதற்குள் இந்தக் கட்டுரை வந்தாக வேண்டும் என்று ஆசிரியர் விரட்டினார். மார்ச் 5-ல் அதிபர் ஹியூகோ சாவேஸ் இறந்ததிலிருந்து வந்த வாசகர் கடிதங்களில் அவ்வளவு குழப்பம். எண்ணெய் வரத்து நின்றுவிடுமா என்று பாதிப் பேர் கேட்டார்கள். ஊருக்கெல்லாம் ஓசியில் எண்ணெய் ஊற்றியவர் போய்விட்டார், இனி அந்த எண்ணெய் சந்தைக்கு வந்து விலை இறங்குமா என்று மீதிப் பேர் கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் நேரம் செலவழிக்கலாம். ஏனென்றால் அது ஓசி எண்ணெயே அல்ல.

முதல் கேள்வியை முடித்துவிடுவோம். நிற்கவில்லை. 2012 டிசம்பரில் கியூபாவின் ஹவானாவுக்கு அறுவை சிகிச்சைக்குப் போன சாவேஸ் அதன்பின் மக்கள் முன் வரவேயில்லை; நடக்கப்போவதைச் சந்தை மூன்று மாதம் முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டது. மரணச் செய்தி வந்த பிறகும் சர்வதேச அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 110 டாலரை ஒட்டியேதான் நின்றது. வெனிசுலா எண்ணெய் உண்மையில் நின்றது 2002 டிசம்பரில், சாவேஸ் உயிரோடு இருந்தபோது. அரசு நிறுவனமான பிடிவிஎஸ்ஏ ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் ஏறக்குறைய 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார். அந்த அனுபவசாலிகள் போன இடம் 2013-லும் நிரம்பவில்லை. அன்றைய உற்பத்திச் சரிவுக்குச் சாவைவிட அதுதான் பெரிய காரணம்.

எவ்வளவு சரிவு என்று கேட்டால் எந்தக் கணக்கை நம்புகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. நாளுக்கு 30 லட்சம் பீப்பாய் என்றார் அப்போதைய எண்ணெய் அமைச்சர் ரஃபேல் ரமீரெஸ். பிடிவிஎஸ்ஏவின் தலைவராக இருந்தவரும் இதே ரமீரெஸ்தான். அமைச்சராக அவர் கேட்க வேண்டிய கேள்விக்கு நிறுவனத் தலைவராக அவரே பதில் சொல்லிக்கொண்டார். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் மாத அறிக்கையில் இரண்டு அட்டவணைகள் உண்டு: ஒன்று, உறுப்பு நாடு தானே சொன்ன கணக்கு, இன்னொன்று, வெளியார் மதிப்பிட்ட கணக்கு. வெனிசுலாவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நாளுக்கு நாலைந்து லட்சம் பீப்பாய் வித்தியாசம் இருந்தது. உலகிலேயே அதிகமான, 29,700 கோடி பீப்பாய் ‘நிரூபிக்கப்பட்ட கையிருப்பு’ என்று அப்போது சொல்லிக்கொண்ட பெருமையும் இந்த ரகம்தான். இன்றைய விலைக்கு எடுத்தால் கட்டுப்படியாகும் என்று எடுப்பவரே சொல்லிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். அதில் பெரும்பகுதி ஒரினோக்கோ பகுதியில் தார் போல உறைந்து கிடக்கும் கன எண்ணெய்.

இப்போது அந்த ‘ஓசி’ விஷயம். 2005-ல் வெனிசுலா தொடங்கிய பெட்ரோகரீபே எண்ணெய் விற்பனைத் திட்டத்தில் ஜமைக்கா, ஹைட்டி, டொமினிகன் குடியரசு, நிகராகுவா எனக் கரீபியன், மத்திய அமெரிக்க நாடுகள் பல சேர்ந்திருந்தன. பில் முழுச் சந்தை விலைக்கே போடப்பட்டது. ஒரு பகுதியை 90 நாளில் ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்தது. மீதி, இரண்டாண்டு அவகாசம் உட்பட 25 ஆண்டுக் கடன், வட்டி 1 சதவீதம். அண்ணாச்சி கடை நோட்டு மாதிரிதான், ஆனால் விலைவாசி ஏற ஏற அண்ணாச்சியே நோட்டில் கூடுதலாக எழுதிக்கொண்டார். பீப்பாய் 50 டாலரைத் தாண்டினால் 40 சதவீதம் கடன். 80-ஐத் தாண்டினால் 50. நூறைத் தாண்டினால் 60. நூற்றைம்பதைத் தாண்டினால் 70.

இந்தப் படிக்கட்டை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். விலை 99 டாலராக இருக்கும்போது வெனிசுலாவின் கைக்கு வரும் ரொக்கம் 49 டாலர் 50 சென்ட். விலை இரண்டு டாலர் ஏறி 101 ஆனால் வருவது 40 டாலர் 40 சென்ட். விலை ஏறுகிறது, விற்பவன் கல்லாவில் ஒன்பது டாலர் குறைகிறது! 2012-ல் வெனிசுலா எண்ணெயின் சராசரி விலை நூறு டாலருக்குச் சற்று மேலே, அதாவது இந்தப் படியிலேயே நின்றது.

வாங்கும் பக்கம் பார்த்தால் இன்னும் சாமர்த்தியம். அந்த அரசுகள் தங்கள் மக்களிடம் எண்ணெய்க்கு முழு விலையையும் வசூலித்துவிட முடிந்தது. உடனே கட்ட வேண்டியது நாற்பது சதவீதம். மீதி அறுபதைச் செலவழித்துக்கொள்ள முடிந்தது. ஜமைக்கா இதற்கென்று தனி நிதியமே வைத்திருந்தது. நிகராகுவாவில் பணம் பட்ஜெட்டுக்கு வெளியே, அதிபர் டேனியல் ஒர்டேகாவுக்கு நெருக்கமான நிறுவனத்தின் வழியே போனது. நாடாளுமன்றத்தால் அதை எட்டிப் பார்க்க முடியவில்லை. கடனைப் பொருளாகவும் அடைக்க முடிந்தது. கயானா அரிசி அனுப்பியது, டொமினிகன் குடியரசு கறுப்பு பீன்ஸ். வெனிசுலாக்காரர்களின் அன்றாடத் தட்டில் சோற்றோடு வைக்கும் அதே பீன்ஸ், எண்ணெய்க் கடனுக்கு ஈடாகக் கப்பலில் வந்து இறங்கியது. ரொக்கம் வந்தால் மட்டும் என்ன வாங்கியிருப்பார்கள்? உணவை இறக்குமதி செய்யும் நாடு அது.

அரசு இதைச் சகோதரத்துவம் என்றது, எதிர்க்கட்சி தானம் என்றது. இரண்டும் அல்ல, வரவேண்டிய பாக்கி. என்ன, 8 சதவீத வட்டி வைத்துக் கணக்குப் போட்டால் நூறு டாலர் எண்ணெயில் நிற்கும் அறுபது டாலர் பாக்கியின் இன்றைய பெறுமதி முப்பதுக்கும் கீழே. ஆனால் கடன்பட்டவர் எவரும் சர்வதேச மேடையில் வெனிசுலாவுக்கு எதிராகக் கை தூக்க யோசிப்பார். சாவேஸ் வாங்கியது அதைத்தான்.

கியூபாவின் கணக்கு தனி. 2000-லேயே போட்ட ஒப்பந்தம். நாளுக்குச் சுமார் ஒரு லட்சம் பீப்பாய் போனது, பதிலுக்கு ஆயிரக்கணக்கில் மருத்துவர்கள் வந்தார்கள். சீனாவிடம் 2007 முதல் வாங்கிய பல ஆயிரம் கோடி டாலர் கடனுக்கும் எண்ணெயே தவணை. அந்தப் பணமும் ஏற்கெனவே செலவழிந்துவிட்டது. உள்நாட்டில் நாளுக்குச் சுமார் ஏழு லட்சம் பீப்பாய் எரிந்தது. 2013-ல் அங்கே நாற்பது லிட்டர் டேங்கை நிரப்ப நான்கு பொலிவார் போதுமாயிருந்தது, அரசு மாற்று விகிதத்தில் ஒரு டாலருக்கும் குறைவு. 1989-ல் பெட்ரோல் விலையைக் கூட்டி, பஸ் கட்டணம் ஏறி, தலைநகர் கராகஸில் வெடித்த கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அதன்பின் அந்த விலையைத் தொட அரசியல்வாதிகள் அஞ்சினார்கள்.

இதெல்லாம் போக உடனடி ரொக்கம் தந்தவர்கள் முக்கியமாக இரண்டு பேர்: சாவேஸ் மேடைதோறும் திட்டிய அமெரிக்கா, அடுத்து இந்தியா. அடர்த்தியான, கந்தகம் மிகுந்த இந்த எண்ணெயை எல்லா ஆலையாலும் சுத்திகரிக்க முடியாது. ஜாம்நகரில் உள்ள ரிலையன்ஸ் ஆலையால் முடியும். 2012 செப்டம்பரில் அந்த நிறுவனம், நாளுக்கு 3 முதல் 4 லட்சம் பீப்பாய் வீதம் 15 ஆண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. கராகஸில் யார் ஆட்சிக்கு வந்தாலும் இந்த இரண்டு வாடிக்கையாளரையும் பகைத்துக்கொள்ள முடியாத நிலை.

ரொக்கம் இப்படிச் சுருங்கியதால்தான் தேர்தல் பேச்செல்லாம் அந்தக் கடன் நோட்டைச் சுற்றியே நடந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் ஹென்ரிக் கப்ரிலெஸ், வெளிநாட்டுக்கு எண்ணெய் வாரிக் கொடுப்பதை நிறுத்துவேன் என்றார். அது வாக்குறுதியாகச் சுலபம். கொடுத்த கடனை ஹைட்டியிடம் போய் வசூலிப்பது வேறு கதை. ஆளுங்கட்சி வேட்பாளர் நிக்கோலஸ் மதூரோ ஆறாண்டு வெளியுறவு அமைச்சராக இருந்து இந்த நட்புகளை வளர்த்தவர், நிறுத்த மாட்டார் என்றே தோன்றியது. ஆனால் விலை சரிந்தாலோ உற்பத்தி மேலும் விழுந்தாலோ, நிறுத்தாமல் இருக்க அவரிடம் பணம் இருக்குமா என்பதுதான் என் சந்தேகமாக இருந்தது.

வாசகர்கள் அப்போது கேட்ட மற்ற கேள்விகள்:

துணை அதிபர் தேர்தலில் நிற்கலாமா? கூடாது என்கிறது அரசியல் சட்டம். ஆனால் துணை அதிபராக இருந்த மதூரோ, சாவேஸ் இறந்தபின் துணை அதிபரே அல்ல, பொறுப்பு அதிபர் என்றது உச்ச நீதிமன்றம்.

பதவியேற்காத அதிபர் இறந்தால் நாடாளுமன்றத் தலைவர்தானே பொறுப்பேற்க வேண்டும்? சட்டம் அப்படித்தான் சொல்கிறது; ஆனால் சாவேஸின் ஆட்சி தொடர்கிறது, அவருடைய பதவியேற்பைப் பிறகு பார்க்கலாம் என்று 2013 ஜனவரியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்துவார்களா? பல முறை மிரட்டிய சாவேஸே நிறுத்தவில்லை.

நம் ஊரில் பெட்ரோல் விலை ஏறுமா? ஏறினால் அதற்குக் காரணம் ரூபாய் மதிப்பாக இருக்கும், கராகஸ் அல்ல.

ஏப்ரல் 14-க்குப் பிறகு எதைக் கவனிப்பது? ரமீரெஸ் இரண்டு நாற்காலியிலும் தொடர்கிறாரா என்று.