ரெண்டாவது டிகாக்‌ஷனுக்கு குட்பை!

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ல தொங்கிக்கிட்டே காலேஜ் போற கோஷ்டியில நானும் ஒருத்தன். ஒரு சின்ன கேள்வி... உங்க வீட்டுல முதல் டிகாக்‌ஷன் யாருக்கு?

எங்க வீட்டுல அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, அப்புறம் எனக்கும் தங்கச்சிக்கும். அதே தூள்ல மறுபடியும் வெந்நீர் ஊத்தி இறங்குற தண்ணி டிகாக்‌ஷன்தான் அம்மாவுக்கு. இத்தனை வருஷமா அதை கவனிக்கவே இல்லை மக்களே!

திடீர்னு ஒருநாள் உறைச்சது. மாமா வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்து பரண்ல தூங்கிட்டிருந்த பெர்கோலேட்டரை தூசி தட்டினேன். 'இன்னிக்கு காபி நான் போடறேம்மா'ன்னு பந்தா விட்டு, ஃபில்டர் தூளை அப்படியே கொட்டி, இருபது நிமிஷம் கொதிக்க விட்டேன். வந்தது காபி இல்ல, கஷாயம்! அடியில சேறு மாதிரி மண்டி வேற. "அண்ணே, இது காய்ச்சலுக்கா, இருமலுக்கா?"ன்னு தங்கச்சி மானத்தை வாங்கிட்டா.

எங்கே சொதப்பினேன்? நம்ம ஃபில்டர்ல வெந்நீர் தூள் வழியா ஒரே ஒரு தடவைதான் சொட்டுச் சொட்டா இறங்கும். பெர்கோலேட்டர் வேற கேஸ். அடியில தண்ணி, நடுவுல குழாய், மேலே ஓட்டை போட்ட தட்டுல தூள். தண்ணி கொதிச்சு குழாய் வழியா ஏறி, தூள் மேல விழுந்து, கீழே இறங்கி, மறுபடியும் ஏறும். அடுப்புல வைக்கிற இந்த மாடலுக்கு 1889-லேயே ஹான்சன் குட்ரிச்ங்கிற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிட்டார். இறங்கின காபியே திரும்பத் திரும்ப சுத்துறதால, நேரம் கூடினா கசப்புதான்!

அப்போ என்ன செய்யணும்?

* தூள்: சிக்கரி கலக்காம, ரவையைவிட பெரிசா, கொரகொரன்னு அரைச்சுத் தரச் சொல்லுங்க. நைஸ் தூள் ஓட்டை வழியா இறங்கிடும்.

* அளவு: 150 மில்லி தண்ணிக்கு ஒரு டேபிள் ஸ்பூன்.

* தீ: மூடியில இருக்கிற கண்ணாடிக் குமிழ்ல காபி துள்ள ஆரம்பிச்சதும் அடுப்பை சிம்ல வையுங்க. 6-லிருந்து 8 நிமிஷம் போதும். இறக்கினதும் தூள் தட்டை வெளியே எடுத்துடுங்க.

ஃபில்டர் டிகாக்‌ஷன் அளவுக்கு இது திக்கா இருக்காது. அதனால பாலை கம்மியா, சூடா ஊத்துங்க. நல்ல பாலுக்கு நமக்கென்ன பஞ்சம்? 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா ஊராச்சே!

அடுத்த ஞாயித்துக்கிழமை இப்படியே போட்டேன். அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு, "அப்பாவுக்கு எடுத்து வச்சியாடா?"ன்னாங்க. "எல்லாருக்கும் இதேதாம்மா... இதுல ரெண்டாவது டிகாக்‌ஷனே கிடையாது"ன்னேன். ஒண்ணும் சொல்லலை. டபராவுல ஆத்தி ஆத்தி, மெதுவா குடிச்சாங்க.

பெர்கோலேட்டர் இல்லையா? டோன்ட் வொர்ரி. ஃபில்டர்லயே போடுங்க. முதல் டிகாக்‌ஷனை மட்டும் அம்மா டம்ளர்ல ஊத்துங்க பாஸ்!