பொதுக் களஞ்சியம்

விக்கிப்பீடியா என்பது பலர் கூடி இணையத்தில் எழுதும் கலைக்களஞ்சியம். 2001 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் தோன்றிய அது, இன்று 300-க்கு மேற்பட்ட மொழிகளில் விளங்குகின்றது. தமிழ்ப் பதிப்பு 2003 ஆம் ஆண்டில் தொடங்கிற்று.

தொடக்கத்தில் ஒரே படத்தையும் பதிப்புதோறும் தனித்தனியே ஏற்ற வேண்டியிருந்தது. 2004 ஆம் ஆண்டில் விக்கிமீடியா பொதுவகம் நிறுவப்பெற்றது. அங்கு ஒருமுறை ஏற்றிய படத்தை எல்லா மொழியினரும் எடுத்தாளலாயினர்.

செய்திகளின் நிலையோ வேறு. ஒரு நகரின் மக்கள்தொகை மாறினால், ஒவ்வொரு மொழியினரும் தத்தம் கட்டுரையைத் திருத்துதல் வேண்டும். எழுதுவோர் மிகுந்த மொழிக்கு அஃது எளிது. எழுதுவோர் குறைந்த மொழியோ பழைய கணக்கையே சுமந்து நிற்கும். இக்குறையை நீக்கும் பொருட்டு 2012 ஆம் ஆண்டில் விக்கித்தரவு தோன்றியது. மக்கள்தொகை, பிறந்த நாள் போன்ற செய்திகள் அங்கு ஓரிடத்தில் வைக்கப்பெறுகின்றன. அச்செய்தியை அங்கிருந்தே பெறும் கட்டுரைகள் யாவும் ஒரே திருத்தத்தால் புதுமை பெறும்.

ஆயினும், ஊருணியில் கலந்த மாசு ஊரார் குடங்களில் எல்லாம் ஏறுமன்றோ? அதுபோல விக்கித்தரவில் புகுந்த பிழையும் பல மொழிகளுக்குப் பரவும். ஆதலால் ஒவ்வொரு செய்திக்கும் சான்று காட்டுதல் இன்றியமையாதது.

எண்ணும் படமும் யாவர்க்கும் பொது. அவற்றின் பொருளை விளக்கும் உரைநடையையோ அந்தந்த மொழியினரே ஆக்குதல் வேண்டும். பொதுக் களஞ்சியம் நெல்லைத் தரும். சோறு சமைத்தல் அவரவர் கடன்.